எதிர்ப்பை மீறும் கிருமி

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைத் தாக்கி, சுமார் பத்து இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட பஞ்சத்துக்கு வழிவைத்தது பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்ற நுண்ணங்கி. பிற்காலத்தில் எதிர்ப்புச் சக்தியுள்ள கிழங்கு வகைகளை உண்டாக்கினார்கள். அவற்றையும் அது மடக்கிவிட்டது. எப்படி?

2009இல் வெளியான அதன் மரபணுத்தொகுதியில் விடை இருந்தது. சுமார் 24 கோடி எழுத்துக்கள். அதில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். உயிர்வாழத் தேவையான மரபணுக்கள் நெருக்கமாக அமைந்து, அவ்வளவாக மாறாமல் இருக்கின்றன. செடியைத் தாக்கும் மரபணுக்களில் பலவோ அந்தத் துண்டுகளுக்கு நடுவே கிடந்து வேகமாக மாறுகின்றன. செடி அடையாளம் கண்டுகொள்ளும் புரதத்தை மாற்றியோ கைவிட்டோ கிருமி தப்பிவிடும்.

சங்கதி இதுதான்: ஒரேயொரு எதிர்ப்பு மரபணுவை நம்பிப் பயிரிட்டால் நெடுநாள் தாங்காது. பலவற்றைச் சேர்க்கவும் வேண்டும். கிருமியின் மாற்றத்தை விடாமல் கவனிக்கவும் வேண்டும்.