அந்தக் கறுப்புக் கட்டத்தை யார் படித்தார்கள்?

பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தை 11 வயது மகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தார் டிப்பர் கோர். வீட்டில் ஓடவிட்டால் 'டார்லிங் நிக்கி' பாட்டு வருகிறது. அத்தனையும் படுக்கையறைச் சமாசாரம். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீடாக இருந்தால் ரெண்டு திட்டு, அதோடு போயிருக்கும். இவர் கணவர் அல் கோர், அமெரிக்க செனட்டர். அப்போதைய நிதியமைச்சரின் மனைவி சூசன் பேக்கரும் கைகோக்க, 1985-இல் வாஷிங்டனில் ஒரு பெற்றோர் அமைப்பே கிளம்பிவிட்டது.

வன்முறை, ஆபாசம், போதை, சூனியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆல்பத்தின் மேல் தனித்தனி எழுத்து போடவேண்டும் என்றார்கள். செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரித்தது. எதிர்த்துப் பேச வந்தவர்களில் ராக் பாடகர்கள் பிராங்க் ஸாப்பாவையும் டீ ஸ்னைடரையும் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மலையும் வானமும் பாடுகிற சாது ஜான் டென்வரும் வந்து நின்றதுதான் வேடிக்கை. அவருடைய 'ராக்கி மவுண்டன் ஹை' பாட்டையே போதைப் பாட்டு என்று சில வானொலிகள் ஒதுக்கியிருந்தனவாம்!

தனித்தனி எழுத்தெல்லாம் முடியாது, பொதுவாக ஓர் எச்சரிக்கை போடுகிறோம் என்று இசைக் கம்பெனிகள் இறங்கிவந்தன. 1990-இல் அது ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளைக் கட்டமானது. முதலில் அதைத் தாங்கி வந்தது '2 லைவ் க்ரூ' குழுவின் ஆல்பம். இதற்குச் சட்டம் கிடையாது, வயது வரம்பும் கிடையாது. எந்த ஆல்பத்துக்கு ஒட்டுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும்.

தொண்ணூறுகளில் திருச்சியில் ஒரு கேசட் கடையில் நான் வேலை பார்த்தேன். இங்கிலீஷ் பாட்டு கேட்கும் பையன்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்; அந்தக் கட்டம் இருந்தால் கண்ணில் ஒரு மினுக்கு. ஒருமுறை கூட வந்த அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல என்னடா போட்டிருக்கு?" என்றார். "கம்பெனி பேருப்பா." அவர் காசை எடுத்து நீட்டினார். பெற்றோருக்கென்று அச்சடித்த எச்சரிக்கையைப் பிள்ளை மட்டும் படித்துவிட்டான்.

வேண்டாம் என்றால் வேண்டும் என்கிற வயசு, அதனால் கட்டமே விளம்பரமாகிவிடும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 1992-இல் பீட்டர் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, கட்டம் போட்ட ஆல்பங்கள் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடித்தன. வன்முறைப் படங்களுக்கான எச்சரிக்கையை 1996-இல் சோதித்தவர்களுக்கோ நேர்மாறான விடை: எச்சரிக்கை ஆசையைக் கூட்டியது. ஆக, எல்லாப் பிள்ளையும் என் கடைக்கு வந்த பையன் இல்லை.

கட்டம் அதிகம் அசைத்தது பிள்ளைகளை அல்ல, கடைகளைத்தான் என்பேன். வால்மார்ட் இந்த ஆல்பங்களை விற்க மறுத்தது. உடனே கம்பெனிகள் கெட்ட வார்த்தைகளை வெட்டிவிட்டுத் தனிப் பதிப்பு போட்டன. மற்ற கடைகளில்? 2000-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளை ரகசியமாகக் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தது. 85 சதவீதம் பேர் எச்சரிக்கை ஒட்டிய ஆல்பத்தைத் தடையில்லாமல் வாங்கிவந்தார்கள். அதே ஆண்டு ராப் பாடகர் எமினெமின் கட்டம் போட்ட ஆல்பம் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 17 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்று கேசட்டும் இல்லை, கடையும் இல்லை. கட்டம் சுருங்கி, போனில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'இ' என்ற ஓர் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. ஸ்பாட்டிஃபையின் செட்டிங்ஸில் அந்தப் பாட்டுகளை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் உங்கள் மகனிடம் ஒரு இயர்போனை வாங்கி, அதில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டுவிடுங்கள்.