குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கை வரலாறு

குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கை வரலாறு என்பது வெற்றி தோல்விகளின் பட்டியல் மட்டும் அன்று. அவரை உருவாக்கிய சூழலையும், வாங்கிய அடிகள் உடலில் விட்டுச் சென்றதையும் அது சொல்ல வேண்டும்.

வடசென்னையில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றிய குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை ஆகியவை புகழ்பெற்றவை. இங்கு ‘பரம்பரை’ என்பது குடும்ப வழி அன்று. வாத்தியாரிடம் பயின்றோரின் மரபு. எனவே வாத்தியாரையும் பேட்டையையும் விட்டுவிட்டு ஒரு வீரரின் கதையை எழுத முடியாது.

அக்காலச் செய்திகள் பல வாய்மொழியாகவே வழங்குகின்றன. வெற்றி பெற்றவர் தரப்பு சொல்வதை எதிர்ப் பரம்பரையினரின் நினைவோடும், நாளிதழ்ச் செய்தி, சுவரொட்டி போன்றவற்றோடும் ஒப்பிட வேண்டும். பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ (2021) 1970களின் சூழலைக் காட்டினாலும், அதன் நாயகன் கபிலன் கற்பனைப் பாத்திரமே. திரைப்படம் சான்று ஆகாது.

1980இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடிய முகமது அலிக்கு 1984இல் பார்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. ஜோனதன் ஐக் எழுதிய அலியின் வரலாறு (2017), அவர் வாங்கிய குத்துகளைக் கணக்கிட்டு, காலப்போக்கில் பேச்சின் வேகம் குறைந்ததையும் ஆராய்கிறது. புகழுக்கு வீரர் கொடுத்த விலை அதில் தெரிகிறது.

அந்த விலையை மறைக்கும் நூல் புகழுரையாகவே நின்றுவிடும்.