டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது?

வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கப் போகிறோம் என்றதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கடைக்குப் போகிறோம். நிறம் பார்க்கிறோம், பளபளப்புப் பார்க்கிறோம், பெட்டிக்கு நூறு ரூபா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால், அந்த டைல்ஸ் எதன் மீது இருக்கப் போகிறது என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எங்கள் அயலில் ஒரு சகோதரி. கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். மகளின் நிக்காஹ்வை முன்னிட்டு, கையிலிருந்த வளையல்களை விற்று பழைய வீட்டின் மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டார். எட்டு மாதம் கூடச் செல்லவில்லை. ஒரு பகல் வேளையில் 'படார்' என்று சத்தம். மண்டபத்தின் நடுவே ஒரு வரிசை டைல்ஸ் கூடாரம் போல் எழும்பி நின்றது. "டைல்ஸ் தரமில்லை" என்று கூறிவிட்டார் மேசன். ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. கீழே, எத்தனையோ வருடங்களாக மெழுகு பூசித் தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது!

சகோதரிகளே, கணவன்மார் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டு வேலைகளை நின்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. எனவே அடித்தளம் பற்றிச் சில விடயங்களை நாமும் அறிந்திருப்பது அவசியமாகும்.

பழைய தரையின் மேல் பதிப்பதாயின்

முதலில் ஒரு நாணயத்தால் தரையை அங்குமிங்கும் தட்டிப் பாருங்கள். வெறுமையான ஓசை எழும் இடங்களில் சீமெந்துப் பூச்சு கழன்றிருக்கிறது. அவற்றை உடைத்து அகற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். மெழுகும் எண்ணெய்ப் பசையும் உள்ள தரையில் எந்தச் சாந்தும் பிடிக்காது. மேற்பரப்பு முழுவதையும் உளியால் நெருக்கமாகக் கொத்தி, தூசியைக் கூட்டிக் கழுவிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். தரை உயர்வதால் கதவுகளின் அடியைச் சீவ நேரிடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

புதிய தரையாயின்

நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், 6 அங்குலம் அளவான படைகளாக இட்டு, நீர் தெளித்து இடிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னர் மண் இறங்கும்; தரையும் வெடிக்கும். மண்ணின் மேல் 1000 கேஜ் பொலித்தீன் விரித்தால் நிலத்து ஈரம் மேலே ஏறாது. அதன் மேல் 3 அங்குலத்துக்குக் குறையாத கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நான்கு பங்கு சல்லிக்கல் என்பது வழமையான கலவை. கொங்கிரீட்டின் மேல் மட்டம் எடுப்பதற்கான சாந்துப் படைக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் போதும்.

கொங்கிரீட்டை ஏழு நாட்களாவது ஈரமாக வைத்திருங்கள். அதன் பின் உலர விடுங்கள். கொங்கிரீட் இட்டு நான்கு வாரங்கள் கழிந்த பின் டைல்ஸ் பதிப்பதே நல்லது. காயும்போது கொங்கிரீட் சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கம் டைல்ஸின் கீழே நடந்தால் பிடிப்பு விட்டுப் போகும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

மணலையும் சோதியுங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மணலிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் மணலின் மேல் சேறு படியும். அது மணலின் உயரத்தில் பத்தில் ஒன்றை எட்டினால் அந்த மணல் வேண்டாம். கழுவாத கடல் மணலில் உப்பு இருக்கும். அது டைல்ஸ் இடைவெளிகளில் வெள்ளையாகப் பூத்து வரும்.

எதனால் ஒட்டுவது?

டைல்ஸின் பின்புறத்தில் சில துளி நீர் விடுங்கள். விரைவாக உறிஞ்சினால் அது சாதாரண செரமிக். நீர் அப்படியே நின்றால் போர்சிலின். செரமிக்கை நீரில் ஊறவைத்துச் சீமெந்துச் சாந்தில் பதிக்கலாம். போர்சிலின் நீரை உறிஞ்சாததால் வெறும் சீமெந்துப் பாலைப் பற்றிக்கொள்ளாது. அதற்கென விற்கப்படும் டைல்ஸ் பசையையே பாவிக்க வேண்டும். பசை சில மில்லிமீற்றர் தடிப்பத்துக்கு மட்டுமே உரியது. பள்ளங்களைப் பசையால் நிரப்ப விடாதீர்கள்.

குளியலறையும் வுழூச் செய்யும் இடமும்

நீர் வடியும் சரிவை டைல்ஸில் அல்ல, கீழுள்ள சாந்துப் படையிலேயே எடுக்க வேண்டும். நான்கு அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்கட்டும். அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சை இரண்டு தடவை பூசி, சுவரில் 6 அங்குலம் வரையும், குளிக்கும் பக்கம் ஆளுயரத்துக்கும் ஏற்றுங்கள். பூச்சு நன்கு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுவதும் நீர் தேக்கிப் பாருங்கள். மேல்மாடிக் குளியலறையாயின் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

பதிக்கும் நாளில்

ஆறு அடி நீளமான நேர்ப்பலகையைத் தரையில் வையுங்கள். கீழே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் முதலில் மட்டத்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். பதித்த முதல் சில டைல்ஸ்களில் ஒன்றை உடனேயே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்புறம் முழுவதிலும் பசை படிந்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வோர் உருண்டை வைத்து அழுத்தும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விடுவதும் முக்கியம். சூட்டில் டைல்ஸ் விரியும்போது இடமில்லாவிட்டால்தான் அது கூடாரம் போல் எழும்புகிறது. ஓரத்தில் வரும் டைல்ஸ் பட்டி அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

இதையெல்லாம் ஒரு பெண் மேசனிடம் கேட்பதா என்று தயங்காதீர்கள். மரியாதையாக, வேலை தொடங்குமுன்பே கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார். விளங்கிக் கேட்கிறார்களே என்று மகிழ்வார்.

அந்தச் சகோதரி இப்போது மண்டபத்தை மீண்டும் செய்கிறார். இம்முறை டைல்ஸ் கடைக்குப் போகுமுன், தரையைக் கொத்த இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார். "வளையல் போனது போகட்டும், புத்தி வந்ததே" என்கிறார் சிரித்துக்கொண்டே. அந்தப் புத்தி உங்களுக்கு வளையல் போகாமலேயே வரட்டும்.