அகக்கண்ணால் வரைந்த ஆசிரியர்



ஓவியனுக்குக் கண்ணே முதல் என்பது உலகோர் கருத்து. கண்ணொளி முற்றும் நீங்கிய பின்னரும் ஒருவர் ஓவியராகவும் ஆசிரியராகவும் விளங்கினார் எனில் நீங்கள் வியப்பீர்கள். வங்கநாட்டில் 1904-ஆம் ஆண்டில் பிறந்து, 1980-இல் மறைந்த பினோத் பிஹாரி முகர்ஜியே அவர்.

இளமையிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனத்தில் கலாபவனம் தோன்றிய 1919-ஆம் ஆண்டிலேயே அவர் அங்கு மாணவரானார். பார்வை குன்றிய பிள்ளைக்கு ஓவியம் எவ்வாறு கைகூடும் என்று ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினாராம். ஆர்வம் உண்டாயின் பயிலட்டும் என்று ஆதரவு தந்தவர் தாகூர். 1925 முதல் அம்மாணவரே அங்கு ஆசிரியரானார்.

புராணக் காட்சிகளைத் தீட்டுவது பெருவழக்காயிருந்த அக்காலத்தில், அவர் தம்மைச் சூழ்ந்த உலகையே வரைந்தார். செம்மண் அரித்தோடிய வறண்ட நிலம், தனித்து நிற்கும் மரம், சந்தால் மக்களின் சிற்றூர் ஆகியவையே அவருடைய பொருள்கள். 1940-இல் மாணவர் விடுதியொன்றின் உட்கூரையில் அவர் தீட்டியதும் பீர்பூம் நாட்டுப்புற வாழ்க்கையே.

1947-இல் ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில், கபீர், துளசிதாசர், சூர்தாசர் முதலிய அடியார்களின் வாழ்வைத் தீட்டி முடித்தார். அது ஈரச் சுண்ணச்சாந்தின்மேல் எழுதும் முறை. சாந்து உலர்வதற்குள் வண்ணம் இட்டாக வேண்டும். உலரும்போது வண்ணம் சுவரோடு ஒன்றிவிடும். பிழை நேர்ந்தால் சாந்தையே பெயர்த்தெடுக்க வேண்டும். சுவரில் முன்கூட்டியே படியெடுத்து வைத்துக்கொள்ளாமல் அவர் நேராகவே எழுதினார். அரைக்கண் பார்வையுடன் இதனைச் செய்தார் என்றால், முழு உருவமும் முதலில் உள்ளத்தில் நிறைந்திருந்தது என்பது தெளிவு.

1956-இல் கண்புரைக்குச் செய்த அறுவை பயன்தரவில்லை. எஞ்சியிருந்த ஒளியும் மறைந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. எனினும் 1958-இல் சாந்திநிகேதனத்திற்கு மீண்டு வந்து மாணவர்க்குக் கலை பயிற்றினார். தாளைக் கத்தரித்து உருவங்கள் அமைத்தார், விரல்களால் தடவியறிந்து சிற்றுருவங்கள் பிடித்தார், கோட்டோவியங்களும் வரைந்தார். 1972-இல் கலாபவனச் சுவரொன்றில் ஓடுகளாலான பெரிய சித்திரம் ஒன்றையும் உருவாக்கினார். அவர்தம் பழைய மாணவர் சத்யஜித் ராய், அதே ஆண்டில் 'அகக்கண்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவரைப்பற்றித் திரைப்படம் எடுத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, பின்னர்ப் புகழ்பெற்ற ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியனும் அவரிடம் பயின்றவரே.

இத்தனைக்கும் அவரைத் தூண்டியது எது? புகழ் அன்று, அது காலந்தாழ்த்தே வந்தது. குருட்டுத்தன்மையை இழப்பாகக் கருதாமல், புதியதோர் அனுபவமாகவே அவர் ஏற்றார். அறிய வேண்டும், அறிந்ததை உருவாக்க வேண்டும் என்னும் வேட்கையே அவரை இயக்கிற்று என்று நான் எண்ணுகிறேன்.

இவரது வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு உறுத்துகிறது. நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், பார்வை மங்கிய சிறுவன் ஒருவன் ஓவிய வகுப்பில் சேர வந்தான். "கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, தம்பி" என்று சொல்லித் திருப்பியனுப்பினேன். அன்பினால் சொன்னதாகவே அன்று நினைத்தேன். அவன் தாளை முகத்தருகே பிடித்து என்ன வரைந்திருந்தான் என்று நான் வாங்கிப் பார்க்கவும் இல்லை. சிறிது நாளில் அவன் வேற்றூர் சென்றுவிட்டான்.

உங்களுள் ஆசிரியராகப் போகின்றவர் பலர் இருப்பீர்கள். குறையுடன் ஒரு பிள்ளை உங்கள்முன் வந்து நின்றால், அக்குறையை அளப்பதற்கு முன்னர் அவன் கையிலுள்ள தாளை வாங்கிப் பாருங்கள்.