மணியும் ஓரையும்

ஆங்கிலத்தில் ‘அவர்’ என ஒலிக்கும் சொல், 60 நிமிடங்கொண்ட காலவளவைக் குறிப்பதாம். தமிழிலுள்ள சுட்டுப்பெயரோடு இதனை மயங்குதல் வேண்டா. கிரேக்கத்தில் பிறந்த அச்சொல்லின் உறவுச் சொல்லே வடமொழி வழியாகப் பஞ்சாங்கத்துள் புகுந்து ‘ஓரை’ என வழங்குகின்றது. குரு ஓரை, சுக்கிர ஓரை என்பன 2½ நாழிகையாகிய ஒரு மணி நேரத்தையே சுட்டும்.

‘மணி’யோ ஒலிக்கும் கருவியின் பெயர். பொழுதை மணியடித்து அறிவித்தமையால், அப்பெயர் பொழுதுக்கு ஆகிவந்தது. ஆங்கிலத்திற் கடிகாரத்தைச் சுட்டும் ‘கிளாக்’ என்பதும், மணியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததேயாம்.

ஆயினும் ஆங்கிலத்தார் காலவளவை ‘அவர்’ என்றும், கடிகாரம் காட்டும் பொழுதை ‘ஓ கிளாக்’ என்றும் பிரித்து வழங்குவர். தமிழில் இரண்டிற்கும் மணி ஒன்றே. ஆதலின் சொல்லைச் சுருக்கின் இடர் விளையும். கடலூரில் நோயுற்ற அன்னைக்கு மூன்று மணி நேரத்துள் மருந்து வேண்டும் எனக் கொள்வோம். காலை பத்து மணிக்குத் தம்பி, சிதம்பரத்திலுள்ள தமையனுக்கு, ‘மூன்று மணிக்குள் மருந்துடன் வருக’ என்று செய்தி விடுக்கின்றான். தமையன் அதனைப் பிற்பகல் மூன்று மணி என்றே கொள்வான். மருந்து சேரவேண்டியதோ ஒரு மணிக்கு! ‘நேரம்’ என்னும் சொல்லொன்றை விடுத்தமையால், இரண்டு மணி நேரம் பிந்திற்று.

தில்லைக் கூத்தன் கோயிலில் நாள்தோறும் ஆறு காலப் பூசை நிகழும். ஆண்டுக் ‘காலம்’ என்பது வழிபாட்டு வேளை. இறுதியது அர்த்தசாமம். சாமம் என்பது 7½ நாழிகை, அஃதாவது மூன்று மணி நேரம். அர்த்தசாமம் என்னும் சொல் நள்ளிரவைக் குறிப்பினும், அப்பூசை நள்ளிரவுக்கு முன்னரே நிறைவுறும்.