எறியும் கையைத் திருத்தலாமா?

சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளி மைதானம் ஒன்றில் சாஃப்ட்பால் ஆடும் பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பந்தை எறியச் சொன்னால், பத்துக் கைகளும் பத்து விதமாகச் சுழலும். ஒரு பிள்ளை முழங்கையைத் தோளுக்குக் கீழே தொங்கவிட்டுப் பந்தைத் தள்ளும். இன்னொரு பிள்ளை கையைப் பக்கவாட்டில் வீசும். வேறொரு பிள்ளை வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னே வைக்கும். இவற்றில் எதைப் பயிற்சியாளர் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதில் பி.டி. ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. புத்தகத்தில் உள்ள ஒரே வடிவத்துக்கு எல்லாரையும் கொண்டுவர வேண்டும் என்பார் ஒருவர். பந்து போய்ச் சேர்ந்தால் போதும் என்பார் மற்றொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல.

இந்த வட்டாரமே கண்ணால் கண்ட ஒரு சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜன், இருபது வயதை நெருங்கும்வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவருடைய திறமையைக் கண்டு சென்னைக்கு அனுப்பிவைத்தார். அங்கே நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, 2015 ஜனவரியில் தமிழ்நாடு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அறிமுகமான வேகத்திலேயே தடையும் வந்தது. அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்ற ஐயம் எழுந்து, பந்துவீச்சு முறை குறித்துப் புகார் பதிவானது.

இத்தகைய பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம்வரை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்வரை. இலேசான பந்தில் வேகம் எடுக்க, முழங்கையை மடக்கிச் சட்டென்று விரிப்பது எளிய வழி. ஊர்த் தொடர்களில் முழங்கையின் கோணத்தை யாரும் அளப்பதில்லை; ஸ்டம்ப் பறந்தால் கைதட்டல்தான். ஆகவே பழுது என்று பிற்பாடு பெயர் வாங்கும் அசைவு, அது பிறந்த இடத்தில் அந்தப் பந்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் பொருத்தமான விடையாகவே இருந்திருக்கும். பயிற்சியாளர் குறை சொல்வதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். புரிந்துகொண்டால் பிள்ளையைத் திட்டத் தோன்றாது.

நடராஜன் ஏறக்குறைய ஓராண்டு பெரிய ஆட்டங்களிலிருந்து விலகியிருந்து, சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகிய முன்னாள் தமிழ்நாட்டு வீரர்களின் உதவியுடன் தம் பந்துவீச்சை மாற்றி அமைத்தார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்கு ஆடியபோது, சூப்பர் ஓவரில் யார்க்கர்களை வரிசையாக இறக்கிப் பெயர் பெற்றார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். கையின் பாதை மாறியும் யார்க்கர் போடும் குறி கெடவில்லை. இதுதான் இந்த வரலாற்றில் பயிற்சியாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். திருத்தப்பட்டது விதிக்கு இடறான அந்த ஒரு பகுதி மட்டுமே. ஆட்டக்காரரின் அடையாளம் கலைக்கப்படவில்லை. வேறொன்றும் உண்டு. அதே திருத்தம் பதினான்கு வயதில் நடந்திருந்தால் ஓராண்டு இழப்பும் மன உளைச்சலும் இல்லாமலேயே முடிந்திருக்கக்கூடும்.

விதி என்ன சொல்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். கிரிக்கெட்டில் முழங்கை மடங்கியிருப்பது குற்றமல்ல. பந்தை விடும் வீச்சில் அது விரிவதுதான் குற்றம். முன்பு சுழற்பந்துக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று தனித்தனி வரம்புகள் இருந்தன. ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளர்களின் கையும் ஓரளவு விரிகிறது என்பது அதிவேகக் கேமராக்களால் தெரியவந்ததும், 2005-இல் எல்லாருக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பு வந்தது. கண்டித் தமிழரான முத்தையா முரளிதரன் 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் ஏழு முறை நோபால் அறிவிக்கப்பட்டு அவமானப்பட்டதும், அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாதது என்று பரிசோதனைகள் காட்டியதும் இந்த மாற்றத்துக்கு முன்னோடி. கண்ணுக்கு எறிவதுபோல் தெரிந்த கை, அளவுகோலில் வேறு கணக்குக் காட்டியது. அந்தக் கையைப் 'புத்தகப்படி' நேராக்க முயன்றிருந்தால், 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற சாதனை பிறந்தே இருக்காது.

சாஃப்ட்பாலில் நிலைமை வேறு. பிட்சர் மட்டுமே கீழ்க்கையாக வீசியாக வேண்டும். மற்ற எட்டுப் பேரும் பந்தை எப்படி எறிகிறார்கள் என்பதை எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. எனவே விதியைக் காட்டி ஃபீல்டரின் கையைத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் காரணம் அந்தப் பிள்ளையின் உடலிலோ ஆட்டத்திலோ இருக்க வேண்டும்.

பயிற்சியாளர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது, விநோதமான எறிதலையும் முதிராத எறிதலையும். எறியும் கைப்பக்கக் காலையே முன்வைப்பது தனிப்பாணி அல்ல; எறியக் கற்கும் எல்லாக் குழந்தைகளும் கடக்கும் தொடக்கக் கட்டம். இடுப்பும் மார்பும் ஒரே கட்டையாகத் திரும்புவதும் அப்படியே. கிராமத்துப் பையன்கள் ஐந்து வயதிலேயே கல்லெறிந்து, மாங்காய் அடித்து இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் பலருக்கு ஆறாம் வகுப்பில் சாஃப்ட்பால் கையில் வரும்போதுதான் வேகமாக எறியும் வாய்ப்பே முதன்முதலாகக் கிடைக்கிறது. அவர்களுடைய எறிதலைப் பிறவிக் குறையாகப் பார்ப்பது பெரிய அநீதி. அது பழக்கம் கிடைக்காததன் விளைவு, பழகினால் மாறும். த்ரோபால் ஆடிவிட்டு வரும் மாணவிகளுக்கு இன்னொரு சிக்கல். பெரிய பந்தைத் தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் வலைக்கு அப்பால் தள்ளுவது அந்த ஆட்டத்தின் முறை. அதே தள்ளல் சாஃப்ட்பாலுக்கும் தொற்றிக்கொள்ளும். இங்கே மாணவி எதையும் தவறாகக் கற்கவில்லை. வேறொரு ஆட்டத்தைச் சரியாகக் கற்றிருக்கிறாள்.

பந்தின் அளவையும் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. முழு அளவு சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், சுமார் 30.5 செ.மீ.; எடை 178 முதல் 198 கிராம்வரை. கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 23 செ.மீ.கூட இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் விரல்கள் முழு அளவு சாஃப்ட்பாலைச் சுற்றிப் பிடிக்க எட்டாது. பந்து உள்ளங்கையில் அமர்ந்துவிடும். மணிக்கட்டைச் சொடுக்க முடியாது. கை பந்தைத் தள்ளத் தொடங்கும். பயிற்சியாளர் "முழங்கையைத் தூக்கு, தூக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த முழங்கை தூங்கிக்கொண்டே இருக்கும். சிறுவர் பிரிவுக்கென்றே 11 அங்குலப் பந்து இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் டென்னிஸ் பந்தில் எறியச் சொல்லலாம். பந்தை மாற்றியதும் எறிதல் தானே சீரானால், கோளாறு கையில் இல்லை.

கட்டாயம் தலையிட வேண்டிய இடம் வலி. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 80 விழுக்காடு தோள்பக்கத் தட்டிலிருந்தே வருகிறது. பெரும்பாலும் பெண்களுக்குப் பதினான்கு வயதுக்கு மேலும், ஆண்களுக்குப் பதினாறுக்கு மேலும்தான் அது மூடும். அதுவரை தசைநாரைவிடத் தட்டுதான் பலவீனமான கண்ணி. திரும்பத் திரும்ப எறிவதால் தோளில் இந்தத் தட்டு விரிவடைந்து நோவதும், முழங்கையின் உட்பக்கம் இழுபட்டு வலிப்பதும் பேஸ்பால் ஆடும் அமெரிக்கச் சிறுவர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்டவை. உடம்பு முன்னே திரும்பிவிட, கை பின்னால் தங்கி, முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் எறிதல் அந்த இழுப்பை அதிகமாக்கும். காலிலிருந்து இடுப்பு, முதுகு, தோள் வழியாக வர வேண்டிய விசை வராதபோது, அத்தனையையும் கையே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. இப்படி எறியும் பிள்ளை நன்றாகவே எறிந்தாலும், வலி வருமுன்பே திருத்துவதுதான் சரி.

பார்வைக்கு விசித்திரமாக மட்டும் இருக்கும் எறிதலை விட்டுவிடலாம். காலிக்கு அருகிலுள்ள ரத்கமவில் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த லசித் மலிங்காவின் கை ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சுழன்றது. முன்னாள் டெஸ்ட் வீரரான பயிற்சியாளர் சம்பக்க ராமநாயக்க அந்தக் கையை மேலே தூக்கவைக்கவில்லை. அதன் துல்லியத்தை வளர்த்தார். அகமதாபாத்தில் ஜஸ்பிரித் பும்ராவின் குறுகிய ஓட்டத்தையும் விறைத்த கையையும் அவருடைய பயிற்சியாளர்கள் மாற்றாமல் விட்டார்கள். பும்ராவுக்கு 2019-இல் முதுகெலும்பில் அழுத்த முறிவும், 2023-இல் முதுகு அறுவை சிகிச்சையும் நேர்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேகப்பந்து வீச்சாளர் பலருக்கும் வரும் காயம்தான் இது. ஆயினும் தனிப்பாணியை விட்டுவைக்கும் பயிற்சியாளர், அதைத் தாங்கும் உடல்வலுவை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

திருத்துவது என்று முடிவானால், எப்படித் திருத்துவது? ரஷ்ய உடலியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் 1920-களில் மாஸ்கோவில், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் உரிய இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறுபட்டன. உடல் ஒரே அசைவை அச்சடித்ததுபோல் திரும்பச் செய்வதில்லை. இலக்கை அடைய ஒவ்வொரு முறையும் புதிதாக வழி தேடுகிறது. உறுப்பைப் பற்றிப் பேசுவதைவிட இலக்கைப் பற்றிப் பேசுவது விரைவாகப் பலன் தரும் என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. "முழங்கையைத் தோளுக்கு மேலே வை" என்றால் பிள்ளை விறைத்துப்போகும். எதிரே சுவரில் தலைக்கு மேலான உயரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு "அதில் அடி" என்றால், முழங்கை தானே எழும். பின்னால் திரும்பி நின்று, காலை எடுத்துவைத்து எறியச் சொன்னால் இடுப்பு தானே வேலை செய்யும்.

முதலில் கைபேசியின் ஸ்லோ மோஷனில் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் படமெடுத்துப் பார்ப்பது நல்லது. வெறும் கண் ஏமாற்றும் என்பதற்கு முரளிதரனின் கதையே போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். அதையும் மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கக் கூடாது. கோடை விடுமுறையோ பருவம் முடிந்த மாதங்களோதான் அதற்கு ஏற்றவை. புதிய அசைவு படியும்வரை குறி தவறும், தூரம் குறையும். இதை மாணவிக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரண்டே வாரத்தில் அவள் பழைய எறிதலுக்குத் திரும்பிவிடுவாள்.

தோளிலோ முழங்கையிலோ வலி என்று பிள்ளை சொன்ன நாளில் திருத்தமும் நிற்க வேண்டும், எறிதலும் நிற்க வேண்டும். வலி தணிந்த பின்னும் எலும்பு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்த பிறகே, குறைந்த தூரத்தில் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, மெல்ல மெல்லப் பழைய தூரத்துக்கு வர வேண்டும்.