கடைச் சுவரில் கவர் தொங்காத போன்

ஆலங்காயம் கடைத்தெருவில் ஒரு போன் ரிப்பேர் கடைக்குப் போனால், சுவரில் தொங்கும் டெம்பர் கிளாஸையும் பேக் கவரையும் பாருங்கள். ஐந்தாறு கம்பெனிகளின் மாடல்கள்தான் திரும்பத் திரும்ப இருக்கும். அந்தச் சுவரில் இடம் கிடைக்காத லாவா, எச்எம்டி, நத்திங், பிக்சல் போன்றவையும் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன. தோல் வியாபாரியோ, புளி மண்டிக்காரரோ, ஷூ கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவரோ தொழிலுக்கு இப்படி ஒரு போனை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதில் எது பிரபலமில்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனியின் பெயர் அடிபடாமல் இருப்பது ஒன்று. உள்ளே ஓடும் இயங்குதளத்தையே ஆட்கள் பயன்படுத்தாமல் இருப்பது வேறு. முதலாவதோடு காலம் தள்ளலாம், இரண்டாவதோடு முடியாது.

நோக்கியாவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, நோக்கியா இல்லாத சட்டைப் பையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு லூமியா போன்களில் அந்தக் கம்பெனி விண்டோஸ் இயங்குதளத்துக்கு மாறியது. லூமியாவின் கேமராவும் உடம்பும் உறுதியானவை. ஆனால் விண்டோஸ் போன்களுக்கான வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. ஆர்டரும் பில்லும் வாட்ஸ்அப்பில் வருகிற தொழிலில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் ஒரே இரவில் வெறும் பேசும் கருவியாகிவிட்டது. 2022 ஜனவரி 4-இல் பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவைகளை அந்தக் கம்பெனியே நிறுத்தியது; அதன்பின் அழைப்புக்குக்கூட உறுதியில்லை. ஆட்கள் குறைந்த இயங்குதளத்தைத் தாங்கிப் பிடிப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம்.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனிலும் கவனம் தேவை. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த ஹுவாவெய் மாடல்களில் கூகுள் சேவைகள் கிடையாது. பல வங்கிச் செயலிகள் அந்தச் சேவைகளை நம்பியே இயங்குகின்றன.

அடுத்தது டவர். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கியதும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழும். குறைந்த அதிர்வெண் அலைகள் மேட்டையும் மரத்தையும் ஓரளவு வளைந்து தாண்டும். உயர்ந்த அதிர்வெண் அலைகளால் அந்த அளவுக்கு முடியாது. ஜியோ 850 மெகாஹெர்ட்ஸிலும், ஏர்டெல் 900-இலும், பிஎஸ்என்எல் 4ஜி 700-இலும் இந்தத் தூரப் பாய்ச்சலுக்கான அலைகளை வைத்திருக்கின்றன. போனின் விவரப் பட்டியலில் இவை முறையே பேண்ட் 5, 8, 28 என்று இருக்கும். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த போனில் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், 4ஜி வழியே பேச உதவும் வோல்டி வசதி அந்த போனில் ஒத்துவராவிட்டால் இணையம் வரும், அழைப்பு போகாது.

தோல் தொழிலுக்கென்றே இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று நிறம். ஆம்பூர், வாணியம்பாடியில் ஷேட் பார்த்துத்தான் சரக்குக் கைமாறும். போன் கேமராவோ படத்தை அழகாக்கும் நினைப்பில் நிறத்தை ஏற்றிவிடும். டேன் நிறத் தோல் செம்மண்ணாகத் தெரியும். திரையும் தன் பங்குக்குப் பளபளப்பைக் கூட்டும். அதனால் திரை அமைப்பில் ‘நேச்சுரல்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு தோல் துண்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, வாசல் நிழலில் படம் எடுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் தோலின் நிறத்தையும் நம்ப முடியாது. எவ்வளவு நல்ல போனானாலும் கையில் கொடுக்கும் சாம்பிள் துண்டுக்கு ஈடாகாது.

இன்னொன்று உப்பு. பச்சைத் தோல் உப்பேறித்தான் வரும். உப்புத் தூளும் ஈரமும் சேர்ந்து சார்ஜிங் பின்னை அரித்துவிடும். தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று போட்டிருந்தாலும் நம்பி இருக்க வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்பு நீருக்குச் செல்லாது. சார்ஜ் போடும் துளைக்கு மூடி உள்ள கவர் ஒன்று இருந்தால் போதும், பாதிக் கவலை தீரும். அந்தக் கவர் கடைச் சுவரில் இருக்காது என்பதால், போன் வாங்கும்போதே கவரையும் கிளாஸையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பிரபலமில்லாத போனின் உண்மையான விலை ரிப்பேரில்தான் தெரியும். திரை உடைந்தால், கூட்டம் வாங்கும் மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். உங்கள் மாடலுக்குச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். அதுவரை யுபிஐ? பணம் அனுப்பும் செயலி உங்கள் சிம்மையும் கருவியையும் ஒரு எஸ்எம்எஸ் மூலம் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. சிம்மை வேறு போனில் போட்டால் அந்த முடிச்சை மறுபடி போட வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கும் வரம்பு உண்டு. ஆகவே சந்தை நாளன்று போன் மாற்றாதீர்கள், பழைய போனை விற்றும் விடாதீர்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாணியம்பாடி, திருப்பத்தூர், வேலூரில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, மென்பொருளின் ஆயுள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதா? 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு ஆண்டு என்று அறிவித்தது. மலிவு போன்கள் பலவற்றுக்கு அதைவிட மிகக் குறைவு. அந்தக் கெடு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் பாதி ஆயுள் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், திருட்டு என்று முடக்கப்பட்ட போனா, போலியா என்று பார்க்கலாம். கடைக்காரர் அனுமதித்தால் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். இத்தனைக்கும் சரியான பதில் கிடைத்தால், ஊரில் யாரும் அந்த போனை வைத்திருக்கவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், கூட்டம் வாங்கும் போனுக்கு நாலு காசு கூடக் கொடுப்பதே தொழிலுக்கு லாபம்.